இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – சனவரி 30, 1874) பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த சமய ஞானியும் கவிஞரும் உரைநடை ஆசிரியரும் பதிப்பாசிரியரும் ஆவார். திருவருட்பிரகாச வள்ளலார் என்றும், சுருக்கமாக வள்ளலார் என்றும் பரவலாக அறியப்படுகிறார். இவர் இயற்றிய பாடல்களின் தொகுப்பு திருவருட்பா எனப்படுகிறது. சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கத்தை நிறுவியவரும் இவரே. இன்றைய கடலூர் மாவட்டத்தில் நெய்வேலிக்கு அருகில் உள்ள வடலூரில் 1867-ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய சத்திய தருமசாலை, பசித்து வந்தவர் எவருக்கும் அவரது சாதி, சமயம், ஊர், நடத்தை ஆகியவற்றைக் கேளாமல் உணவளிக்கும் இடமாக அமைந்தது. அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றளவும் அணையாமல் பேணப்பட்டு வருகிறது.

வள்ளலாரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவரது பாடல்களையும், அவரைப் பற்றி வழங்கும் அற்புதங்களையும், அவரது மறைவையும் சுற்றியே அமைந்துள்ளது. பசியை உடலுக்கும் அறிவுக்கும் நேரும் கேடாகப் பகுத்து ஆராய்ந்து, அதனைத் தீர்க்க நாள்தோறும் இயங்கும் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது அவரது வாழ்வின் மற்றொரு பெரும் பகுதியாகும். பிற்காலத்தில் தமிழகத்தில் குழந்தைகளுக்கான உணவுத் திட்டங்களும் தாய்மார்களுக்கான உதவித்தொகைத் திட்டங்களும் உருவானபோது எழுந்த கேள்விகள் சிலவற்றை அவர் முன்னரே எழுப்பியிருந்தார்.

பிறப்பும் குடும்பமும்

இராமலிங்கர் சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை; தாய் சின்னம்மையார். இராமையா பிள்ளை ஊர்க் கணக்கராகப் பணியாற்றியதுடன் பிள்ளைகளுக்குப் பாடமும் கற்பித்தவர். சபாபதி, பரசுராமன், சுந்தரம்மாள், உண்ணாமுலை ஆகியோருக்குப் பின் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தவர் இராமலிங்கர். பசியுடன் வந்த சிவயோகி ஒருவருக்குச் சின்னம்மையார் அன்னமிட்டதாகவும், அவர் வாழ்த்தியவாறே இக்குழந்தை பிறந்ததாகவும் மரபு வழி வரலாறு கூறுகிறது.

குழந்தை பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் இராமையா பிள்ளை காலமானார். ஐந்து பிள்ளைகளுடன் கைம்பெண்ணான சின்னம்மையார் முதலில் பொன்னேரிக்கு அருகில் உள்ள தம் பிறந்த ஊரான சின்னக்காவணத்துக்கும், பின்னர் சென்னைக்கும் குடிபெயர்ந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு மூத்த மகன் சபாபதியின் மேல் விழுந்தது. அவர் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்வி கற்றுப் புராணச் சொற்பொழிவு செய்து அதில் கிடைத்த வருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். குடும்பத் தலைவன் இறந்தால் உறவினரைத் தவிர வேறு புகல் இல்லாத காலம் அது.

சென்னை வாழ்க்கை

சென்னையில் ஏழுகிணறு பகுதியில் உள்ள வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இக்குடும்பம் வாழ்ந்தது. இராமலிங்கரின் இளமைக் கல்வி அண்ணனின் விருப்பப்படி அமையவில்லை. பாடம் கேட்க அனுப்பப்பட்ட சிறுவன் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குச் சென்று பாடிக்கொண்டிருந்தான். அண்ணனின் ஆசிரியரான சபாபதி முதலியாரே ஒருநாள் அப்பாடல்களைக் கேட்டு, இச்சிறுவனுக்குத் தாம் கற்பிக்க ஏதுமில்லை என்று திரும்பிவிட்டார் என்பர்.

தம்பி கல்வியில் நாட்டம் கொள்ளாததால் சினமுற்ற சபாபதி, அவனுக்கு வீட்டில் உணவிடக் கூடாது என்று தடை விதித்தார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் சிறுவனை அழைத்து உணவிட்டு வந்தார். தந்தையின் திதி நாளன்று அவ்வாறு உணவிடும்போது அவர் கண்ணீர் விட்டதாகவும், அவரது வேண்டுகோளுக்கு இணங்கியே இராமலிங்கர் வீட்டில் தங்கிப் படிக்க ஒப்புக்கொண்டதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மாடியில் தனியறை ஒன்று கேட்டுப் பெற்று, அங்கே கண்ணாடி ஒன்றை வைத்து விளக்கேற்றி வழிபட்டார். படிப்பில் சேராத பிள்ளைக்குச் சோறு நிறுத்தப்படுவதையும், எந்தக் கேள்வியும் இன்றி அது மீண்டும் கொடுக்கப்படுவதையும் ஒரே வீட்டில் அறிந்தவர் அவர். பிற்காலத்தில் பசித்தவரின் தகுதியை ஆராயக் கூடாது என்று அவர் அழுத்தமாக எழுதியதைப் படிக்கும்போது இந்நிகழ்ச்சி நினைவுக்கு வருவது இயல்பே.

அண்ணன் உடல்நலமின்றி இருந்த ஒருநாள் அவருக்கு மாற்றாகச் சோமு செட்டியார் இல்லத்தில் திருஞானசம்பந்தர் வரலாற்றைப் பற்றி இராமலிங்கர் ஆற்றிய சொற்பொழிவு அவரைப் புலமையுடையவராக ஊரறியச் செய்தது. அதன் பின்னர் திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபடுவதும் பாடல் இயற்றுவதும் அவரது வழக்கமாயின. 1849-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இவரது மாணவரானார். 1850-இல் தமக்கை உண்ணாமுலையின் மகள் தனக்கோடியை உறவினரின் வற்புறுத்தலால் மணந்தார். எனினும் இல்லறத்தில் ஈடுபடவில்லை. ஒழிவிலொடுக்கம், தொண்டமண்டல சதகம், சின்மய தீபிகை ஆகிய நூல்களைப் பதிப்பித்ததும், மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதியதும் சென்னையில் வாழ்ந்த காலத்திலேயாகும்.

அன்றைய சென்னை பஞ்சத்துக்குப் புதியது அன்று. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றுவதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம், 1799-இல் மருத்துவமனையையும் உடன் பெற்றது. மக்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. பட்டினியும் நோயும் ஒரே வாசலில் வந்து நிற்பவை என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

தமது இளமைக்கால மனநிலையை இராமலிங்கர் பின்னாளில் பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் நீண்ட பாடலில் விவரித்துள்ளார். பிறர் பசியால் வாடுவதைக் காணவும் கேட்கவும் அஞ்சியது, சுவைமிக்க உணவை உண்ணக் கூசியது, கைக்கு வந்த பணத்தைக் கிணற்றிலும் குளத்திலும் எறிந்தது ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. பணத்தின் மீது இவருக்கு இருந்த இந்த வெறுப்பு, பின்னர் அவர் அமைத்த அறநிலையத்தின் தன்மையையும் தீர்மானித்தது எனலாம். அங்கு வழங்கப்பட்டது சமைத்த சோறு, காசு அன்று.

கருங்குழியில்

1858-ஆம் ஆண்டளவில் இராமலிங்கர் சென்னையை விட்டு நீங்கினார். சிதம்பரம் சென்று வழிபட்டபின், வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழியில் மணியக்காரர் வேங்கட ரெட்டியாரின் இல்லத்தில் தங்கினார். 1867 வரை அவ்வூரே இவரது இருப்பிடமாக இருந்தது. எண்ணெய்க்கு மாற்றாகத் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்த நிகழ்ச்சி இங்கு நடந்ததாக அன்பர்கள் நம்புகின்றனர். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை இவர் நிறுவினார். சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்து எல்லா உயிர்களையும் தம்முயிர்போல் கருதுவதே இதன் அடிப்படைக் கொள்கை.

இக்காலத்துக் கடிதங்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதியவை குறிப்பிடத்தக்கவை. பாடல்களை அச்சிட அனுமதி வேண்டி நீண்டநாள் காத்திருந்த இரத்தின முதலியார், அவை கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை மட்டுமே உண்பதாக உறுதி பூண்டார். செய்தியறிந்த இராமலிங்கர் மனம் வருந்தி, உடனே வழக்கம்போல் உண்ணுமாறும், பாடல்களைத் தாம் அனுப்பிவிடுவதாகவும் மறுமொழி எழுதினார். பல ஆண்டுகளாக இசையாதிருந்தவர் இணங்கியது ஒரு மனிதனின் பட்டினிக்காகவே என்பது கவனிக்கத்தக்கது. தமது பெயருடன் சாமி என்று சேர்த்து வெளியிடுவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அதனைத் தவிர்க்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் வெளியாயின. திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பெயரை அளித்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். ஐந்தாம் திருமுறை 1880-இலும் ஆறாம் திருமுறை 1885-இலும் அச்சாயின.

சத்திய தருமசாலை

1866-இல் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வட எல்லையில் இருந்த கஞ்சம் மாவட்டத்தையும் கொடிய பஞ்சம் தாக்கியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தென்னார்க்காடு மாவட்டம் அத்தகைய அழிவைக் காணாவிடினும், மழையை நம்பிய சிற்றூர்களில் பசி ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளியாகவே இருந்தது. அந்நாளில் சோறு வழங்கும் சத்திரங்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் அவற்றுள் பல யாத்திரிகர்களுக்காக வழிநடைப் பாதைகளில் அமைந்தவை. பந்தியும் சாதிக்கேற்பப் பிரிந்திருந்தது. கோயில்களில் அன்னதானம் திருவிழா நாள்களை ஒட்டியே நடந்தது. நாள்தோறும் பசிப்பவனுக்கு, அவன் இருக்கும் ஊரிலேயே, நாள்தோறும் உணவு என்பது புதிய ஏற்பாடாகும்.

பார்வதிபுரம் என்றும் அழைக்கப்பட்ட வடலூரின் மக்கள் பலர் சேர்ந்து இதற்கென ஏறத்தாழ 80 காணி நிலத்தை, அதாவது நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பை, எழுதிக் கொடுத்தனர். அங்கு மண்சுவரும் கூரையுமாகக் கட்டடம் எழுப்பப்பட்டு, மே 23, 1867 (பிரபவ ஆண்டு, வைகாசி 11, வியாழக்கிழமை) அன்று சமரச வேத தருமச்சாலை தொடங்கப்பட்டது. பின்னர் அது சத்திய தருமசாலை எனப் பெயர் மாற்றம் பெற்றது. அன்று இராமலிங்கர் மூட்டிய அடுப்பு ஏறத்தாழ 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் ஆழமும் உடையது. ஒரே நெருப்பில் பல பாத்திரங்கள் ஏற்றுவதற்கு ஏற்ற நீண்ட அடுப்பு அது. அதன் அளவே எத்தனை பேருக்குச் சமைக்கத் திட்டமிட்டிருந்தார் என்பதைக் காட்டும்.

உணவு பெற வருபவர் உழைத்துக் காட்ட வேண்டியதில்லை. வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டியதும் இல்லை. புலால் மறுப்பை உயிர்க் கொள்கையாகக் கொண்டவர் வள்ளலார். எனினும் புலால் உண்பவருக்கும் பசி நேர்ந்தால் உணவளிக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருவேறு கருத்து இருக்கவில்லை. பின்னர் அவர் எழுப்பிய சத்திய ஞானசபைக்குள் புக, கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. தருமசாலையின் பந்திக்கு அவ்விதி இல்லை. வழிபாட்டுக்கு நிபந்தனை விதித்த அதே மனிதர் சோற்றுக்கு விதிக்கவில்லை என்பதே இவ்விரு நிறுவனங்களையும் வேறுபடுத்தும் முக்கியக் கூறாகும்.

தருமசாலையின் அன்றாட வேலைகளைத் தொண்டர்கள் ஏற்று நடத்தினர். கல்பட்டு ஐயா என்று அறியப்பட்ட சீடர் இப்பணியில் தம் வாழ்நாளைக் கழித்தார். அவரது சமாதியும் தருமசாலையிலேயே உள்ளது. அரிசியும் பருப்பும் அன்பர்கள் கொணர்ந்து தருவதைப் பொறுத்தே சமையல் நடந்தது. ஓரிரவு மறுநாளுக்கு அரிசி இல்லை என்று தொண்டர்கள் கவலையுற்றபோது, காலையில் வந்துவிடும் என்று வள்ளலார் ஆறுதல் கூறியதாகவும், விடிந்ததும் வெளியூர் அன்பர் ஒருவர் வண்டிகளில் அரிசியுடன் வந்து நின்றதாகவும் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. இதனை அற்புதமாகக் கொள்வோர் உண்டு. அவ்வாறு கொள்ளாதவருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது: அரசின் மானியமோ பெருநிலக்கிழார் ஒருவரின் நிலையான கட்டளையோ இன்றி, அடுத்த நாள் அரிசி எங்கிருந்து வரும் என்று அறியாமலேயே அந்த அடுக்களை நடந்தது.

சீவகாருணிய ஒழுக்கம்

தருமசாலையின் கொள்கை விளக்கமாக இராமலிங்கர் எழுதிய உரைநடை நூல் சீவகாருணிய ஒழுக்கம். இதன் முதற்பகுதி தருமசாலைத் திறப்பு நாளில் வாசிக்கப்பட்டது. உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக அவர் பகுத்தார். இவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குவது உயர்ந்த சீவகாருணியம் என்றும், ஏனையவற்றை நீக்குவது அதற்கு அடுத்த நிலை என்றும் வகைப்படுத்தினார். பசி நீங்காதவனுக்கு மற்ற எந்த உதவியும் பயன் தராது என்பது இதன் அடிப்படை. வறுமை நீக்கும் திட்டங்களில் எதற்கு முதலிடம் தருவது என்று இன்று நடக்கும் விவாதங்களை அறிந்தோருக்கு இப்பகுப்பு அந்நியமாகத் தோன்றாது.

பசி மிகும்போது உடலில் நிகழ்வதை இந்நூல் படிப்படியாக விவரிக்கிறது. அறிவு மயங்குவது, கண் குழிவது, காது அடைப்பது, நாக்கு வறள்வது, கை கால் சோர்வது, வயிறு எரிவது என ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக் கூறி, உணவு உட்சென்றதும் இவை ஒவ்வொன்றும் எவ்வாறு தெளிவடைகின்றன என்பதையும் எழுதுகிறார். ஒரு மருத்துவரின் குறிப்பேட்டைப் போன்ற துல்லியம் இப்பகுதியில் காணப்படுகிறது. இதனினும் நெஞ்சைத் தொடுவது ஏழைக் குடும்பத் தலைவனின் நிலையை விவரிக்கும் பகுதி. பொழுது ஏறிக்கொண்டே போக, யாரிடம் கேட்பது என்று மானத்துக்கும் பசிக்கும் இடையே தவித்து, வாடிய முகத்துடன் இருக்கும் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்று அஞ்சும் ஒருவனை அவர் அதில் காட்டுகிறார். பெற்றோரின் வறுமை பிள்ளையின் முகத்தில் தெரிகிறது என்பதை அறிந்து எழுதப்பட்ட பகுதி அது. நீரின்றி வாடும் பயிரையும் பசியால் இளைத்தவரையும் ஒருசேர எண்ணி வருந்தும் அவரது புகழ்பெற்ற பாடலைக் காட்டிலும், இவ்வுரைநடைப் பகுதி குறைவாகவே அறியப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

பசித்தவர்கள் தம் முன்வினையின் பயனை அனுபவிக்கின்றனர். அதில் தலையிடுவது இறைவனின் ஆணைக்கு மாறாகாதா என்னும் ஐயம் அந்நாளில் பலரிடம் இருந்தது. இதற்கு இராமலிங்கர் அளித்த விடை எளிமையானது. பெருங்குற்றம் செய்து சிறையில் இருப்பவனுக்கும் அரசன் தன் ஏவலரைக் கொண்டு உணவு கொடுக்கிறான். அந்த ஏவலர்மீது அரசன் சினம் கொள்வதில்லை. தண்டனை வேறு, பட்டினி வேறு. வினைக் கொள்கையை மறுக்காமலேயே, அது பசித்தவனைக் கைவிடுவதற்குக் காரணமாகாது என்று இவ்வாறு நிறுவினார்.

உதவும் கடமை முதலில் தம் குடும்பத்தாரிடமும், பின்னர் உறவினர், அண்டை அயலார் ஆகியோரிடமும் தொடங்கி விரிய வேண்டும் என்றும், திருமணம் முதலிய சடங்குகளின் செலவைச் சுருக்கிப் பசித்தவர்க்கு உணவளிக்க வேண்டும் என்றும் இந்நூல் வலியுறுத்துகிறது. நாட்பட்ட நோயுள்ளவர்களும் பிள்ளைப்பேறு வேண்டுவோரும் பசி தீர்ப்பதையே விரதமாகக் கொண்டால் வேண்டியது கைகூடும் என்றும் அது கூறுகிறது. இவற்றை நம்பிக்கையின் பாற்பட்டவையாகவே கொள்ள வேண்டும். ஆயினும் கோயிலுக்கும் விழாவுக்கும் செல்லவிருந்த பொருளை அடுக்களைக்குத் திருப்பும் நோக்கம் இவற்றில் தெளிவாகவே தெரிகிறது.

கல்வியும் மருத்துவமும்

தருமசாலை உணவளிக்கும் இடமாக மட்டும் திட்டமிடப்படவில்லை. அதனைச் சார்ந்து வைத்தியசாலை, சாத்திரசாலை, உபகாரசாலை, விருத்திசாலை முதலிய பிரிவுகள் அமைய வேண்டும் என்று இராமலிங்கர் எண்ணியிருந்தார். இவற்றுள் பல முழு வடிவம் பெறவில்லை. எனினும் வடலூரில் தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மூன்றையும் கற்பிக்கும் பாடசாலை ஒன்றை அவர் ஏற்படுத்தினார். சிறுவர் முதல் முதியோர் வரை அதில் கற்கலாம். திருக்குறள் வகுப்புகளும் பொதுமக்களுக்காக நடத்தப்பட்டன. பள்ளிக்குச் செல்ல மறுத்த சிறுவன் நாற்பது வயதுக்குப் பின் பிறருக்காகப் பள்ளி அமைத்தது அவரது வாழ்வின் சுவையான முரண்களுள் ஒன்று.

மருத்துவத்திலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. மூலிகைகளின் குணங்களைப் பட்டியலிட்டு எழுதிவைத்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை ஆகிய எளிதில் கிடைக்கும் கீரைகளை நாள்தோறும் பயன்படுத்தப் பரிந்துரைத்தார். நித்திய கரும விதி என்னும் குறிப்பில் உறக்கம், நீராடல், உணவின் அளவு, வெந்நீர் அருந்துதல் ஆகியவை குறித்த அறிவுரைகள் உள்ளன. வேலியோரத்திலும் வரப்பிலும் தாமே முளைக்கும் இக்கீரைகளை ஏழைகளும் செலவின்றிப் பெற முடிந்தது.

அருட்பா விவாதம்

திருவருட்பா வெளிவந்தபின் அதனைத் திருமுறை என்று வழங்கலாமா என்பது குறித்துக் கடும் விவாதம் எழுந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இதனை எதிர்த்தார். 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது; இராமலிங்கர் மீதான குற்றச்சாட்டு தள்ளுபடியானது. இவ்விவாதம் இருவரும் மறைந்த பின்னரும் பல பத்தாண்டுகள் நூல்கள் வாயிலாகத் தொடர்ந்தது. வழக்கு நடந்த காலத்திலும் தருமசாலையில் அன்னமிடுதல் நிற்கவில்லை.

சத்திய ஞானசபையும் இறுதிக்காலமும்

1870-இல் இராமலிங்கர் வடலூருக்கு அருகில் உள்ள மேட்டுக்குப்பத்துக்குச் சென்று, சித்திவளாகம் என்று அவர் பெயரிட்ட இல்லத்தில் தங்கினார். எண்கோண வடிவில் எழுப்பப்பட்ட சத்திய ஞானசபையில் சனவரி 25, 1872 தைப்பூச நாளில் முதல் சோதி வழிபாடு நடைபெற்றது. உருவ வழிபாடு இன்றி, ஏழு நிறத் திரைகளை நீக்கிச் சோதியைக் காணும் முறை இங்கு பின்பற்றப்படுகிறது. அதே ஆண்டில் சங்கத்தின் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றினார்.

அக்டோபர் 22, 1873 அன்று சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். அது பேருபதேசம் எனப்படுகிறது. சாதி, சமயம், சாத்திரம் ஆகியவற்றில் பற்று வைக்க வேண்டாம் என்பதும், தாமும் முன்னர் சைவத்தில் பற்றுக் கொண்டிருந்து அதனை விட்டதாக ஒப்புக்கொண்டதும் அதன் முக்கியப் பகுதிகளாகும். சனவரி 30, 1874 இரவு, தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்துமாறு அன்பர்களைக் கேட்டுக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அவர் சோதியில் கலந்தார் என்பது சன்மார்க்க அன்பர்களின் நம்பிக்கை. கார்ஸ்டின் தொகுத்து 1878-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும் இவரைப் பற்றிய குறிப்பு இடம்பெற்றுள்ளது.

மறைவுக்குப் பின் வந்த பஞ்சம்

இராமலிங்கர் மறைந்து மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் தென்னிந்தியா வரலாறு காணாத பஞ்சத்துக்கு உள்ளானது. 1876 முதல் 1878 வரை நீடித்த, தாது வருடப் பஞ்சம் எனப்படும் அதில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பஞ்ச நிவாரணத்தை ஒழுங்குபடுத்த வந்த ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் ஒரு கூலி விகிதத்தைப் புகுத்தினார். நாள் முழுதும் கல்லுடைத்து மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் தரப்பட்டன. உயிர் வாழ இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையரான கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் அவ்விகிதம் கைவிடப்பட்டது. வேலை செய்ய இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஊர் அதிகாரிகள் வழியாகக் காசு வழங்கும் ஏற்பாடும் இருந்தது.

உண்மையிலேயே பசித்தவனா என்று சோதித்த பின்னரே உதவுவது என்பது அரசின் கொள்கை. உழைக்க வருகிறானா என்பதே அதற்கான சோதனை. வடலூரில் பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய அடுக்களையில் அத்தகைய சோதனை இல்லை. அளவில் இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஒன்று ஒரு மாகாணத்தின் பொறுப்பு. மற்றொன்று ஒரு சிற்றூரின் கொடை. ஆனால் யாருக்குத் தருவது, எதைக் கேட்டுத் தருவது என்ற வினா இரண்டுக்கும் பொதுவானது.

பிற்கால நலத்திட்டங்கள்

1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. 1956-இல் முதலமைச்சர் காமராசர் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சூலை 1, 1982 அன்று எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தை ஊர்ப்புறங்களில் தொடங்கி, அதே ஆண்டில் நகரங்களுக்கும் விரிவாக்கினார். பள்ளிக்குச் செல்லாத இரண்டு வயது முதலான குழந்தைகளையும் அது சேர்த்துக்கொண்டது. செப்டம்பர் 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

உணவுக்கு இணையாகப் பண உதவியும் வளர்ந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. அதன் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கருவுற்றதைப் பதிவு செய்தல், பரிசோதனைக்கு வருதல், குழந்தைக்குத் தடுப்பூசி போடுதல் ஆகியவற்றை ஒட்டித் தவணைகளாக அது வழங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது.

இத்திட்டங்களை வள்ளலாரின் நேரடி விளைவாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இவை நீதிக்கட்சி, காங்கிரசு, திராவிட இயக்க ஆட்சிகளின் அரசியலில் பிறந்தவை. நிபந்தனையுடன் கூடிய உதவித்தொகை தாயை மருத்துவமனைக்கும் குழந்தையைத் தடுப்பூசிக்கும் கொண்டுவருகிறது; பதிவுச் சான்றோ வங்கிக் கணக்கோ இல்லாதவரை அது சென்றடைவது கடினம். பந்தியில் இடப்படும் சோறு எவரையும் விலக்குவதில்லை. ஆனால் பசிக்கு அப்பால் ஒரு குடும்பத்துக்குத் தேவையான பிறவற்றை அது தருவதும் இல்லை. பள்ளி உணவில் மட்டும் இவ்விரண்டும் ஓரளவு சேர்ந்துள்ளன. பிள்ளை வகுப்பில் இருந்தால் போதும். சாதியோ பெற்றோரின் வருமானமோ கேட்கப்படுவதில்லை.

வடலூரில் தொடர்ந்த பணி

வடலூரில் இப்பணியைக் கல்வியின் பக்கம் கொண்டு சென்றவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த இவர், பதவியிலிருந்து விலகியபின் வடலூரில் வந்து தங்கினார். சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, வள்ளலார் குருகுலம் என்னும் பள்ளியையும் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தையும் நடத்தினார். 1970-இல் காலமாகும்வரை அவரது பணி இவ்வூரிலேயே நிகழ்ந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிச் சுற்றுப்புறச் சிற்றூர்கள் பெரும் மாற்றத்துக்கு உள்ளானபோது, வேலை தேடி வந்தவர்களின் வழியிலும் தருமசாலையின் பந்தி இருந்தது.

தருமசாலையும் ஞானசபையும் தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளன. நாள்தோறும் இங்கு உணவு வழங்கப்படுகிறது. விறகு இடும் பணியும் தடைபடாமல் நடைபெறுகிறது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். சபையைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 70 ஏக்கர் பெருவெளி அன்று நிரம்பிவிடும். 2024-இல் இப்பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையம் அமைக்க அடிக்கல் நாட்டப்பட்டபோது, கூட்டம் கூடுவதற்காக விடப்பட்ட வெளியில் கட்டடம் கூடாது என்று அன்பர்களும், தம் முன்னோர் கொடுத்த நிலம் என்று ஊர்மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

திருவருட்பாவின் உரைநடைப் பகுதிகளையும் கடிதங்களையும் சேர்த்து ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஊரன் அடிகளின் பதிப்பும் வாழ்க்கை வரலாறும் ஆய்வாளர்களால் பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன. இந்திய அஞ்சல் துறை 2007-இல் இவருக்கு நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது. இவர் பிறந்த அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது.